சலாமுக்கு முளைத்த கொம்பு

தங்கச் சுரங்கத்துக் கூலிக்காரர் வீடுகள் வரிசையாக இருக்கிற எங்கள் லைனில், பிள்ளைகள் சண்டை போட்டால் இப்போது ஒரு கை காட்டுகிறார்கள். ஆள்காட்டி விரலையும் சுண்டு விரலையும் நீட்டி, மற்ற மூன்றையும் உள்ளே மடக்கிக்கொண்டு, எதிராளியின் மூக்குக்கு நேரே கொண்டுபோய் ஆட்டுகிறார்கள். பெண் பிள்ளைகள்கூட ஆட்டுகின்றன. இதற்கு என்னடி அர்த்தம் என்று பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பிடித்துக் கேட்டேன். கெட்ட அர்த்தம் என்றாள். என்ன கெட்டது என்றால் தெரியாது. எங்கிருந்து வந்தது என்றால் அதுவும் தெரியாது.

எனக்குத் தெரியும். நடுவில் பல வருஷம் வெளியே இருந்துவிட்டு மகளோடு இங்கே திரும்பி வந்தவள் நான். அந்தக் கை என் வீட்டில் பிறந்தது. அது என் வீட்டுக்காரருடைய வலது கை. சின்ன வயசில் மிஷன் பள்ளிக்கூடத்தில் நான் கற்றுக்கொண்ட நாலெழுத்து வேறு எதற்கு உதவப் போகிறது? எழுதி வைக்கிறேன். படிக்கிறவர்கள் படிக்கட்டும்.

கையால் திட்டுவது எங்களுக்குப் புதிதல்ல. அந்தக் காலத்தில் எங்கள் தண்ணீர்த் தொட்டி, கல் இடிக்கிற மில்லை ஒட்டி இருந்தது. சுரங்கத்திலிருந்து வருகிற கல்லை இரும்பு உலக்கைகள் இராப்பகலாக மாவாய் இடித்துக்கொண்டே இருக்கும். தொட்டியடியில் நின்று தொண்டை கிழியக் கத்தினாலும் அடுத்தவள் காதில் விழாது. திட்டினது வீணாய்ப் போனால் மனசு எப்படி ஆறும்? அதனால் எங்கள் லைன் பெண்கள் வாயை மூடிக்கொண்டு கையால் சண்டை போடப் பழகிக்கொண்டோம். குடத்தைப் பத்திரமாக இறக்கி வைத்துவிட்டுத்தான் ஆரம்பிப்போம். இந்த விஷயத்தில் என்னை ஜெயிக்க இந்த ஊரிகம் சுரங்க வட்டாரத்திலேயே ஆள் கிடையாது என்பார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை, இருந்ததைச் சொல்கிறேன்.

கட்டை விரலை நிமிர்த்தி ஆட்டினால், உனக்கு ஒன்றும் கிடைக்காது போ என்று அர்த்தம். ஏன் கட்டை விரல் என்று நான் யோசித்திருக்கிறேன். நாலு விரலும் சோற்றை அள்ளுகின்றன. கட்டை விரல்தான் அதை வாய்க்குள் தள்ளுகிறது. நாலையும் மடக்கிக்கொண்டு கட்டை விரலை மட்டும் காட்டினால், தள்ளுவதற்கு ஆள் தயார், சோறுதான் இல்லை என்று ஆகிறது. இது நானாகச் சொல்வது, தப்பாகவும் இருக்கலாம். குனிந்து ஒரு பிடி மண்ணை வாரி எதிராளியின் வீட்டுப் பக்கம் தூற்றினால், உன் குடி மண்ணாய்ப் போக என்று அர்த்தம். அதை விளையாட்டுக்குச் செய்யக்கூடாது. செய்தவள் அப்புறம் அந்த வீட்டில் அடுப்புக்கு நெருப்புக்கூடக் கேட்க முடியாது. பிள்ளையின் கன்னத்தைத் தடவித் தன் நெற்றிப் பொட்டில் விரலை வைத்து நெட்டி முறித்தால் கண்ணேறு கழிப்பது. அதே நெட்டியை எதிராளியைப் பார்த்துக் கை நீட்டி முறித்தால் சாபம். விரலும் அதுதான், சத்தமும் அதுதான். பார்க்கிற முகத்தில்தான் வித்தியாசம். இடது கையை நீட்டினாலோ வேறு திட்டே வேண்டியதில்லை. பூதிகோட்டைப் பக்கத்திலிருந்து கீரையும் மொச்சையும் கொண்டுவருகிற கன்னடக்காரப் பெண்களிடம் இன்னும் சில கைகளைக் கற்றுக்கொண்டோம். அதையெல்லாம் இங்கே எழுத மாட்டேன்.

இவ்வளவு தெரிந்த எனக்கே அந்த இரண்டு விரலுக்கு அர்த்தம் தெரியாது, அது எங்கள் வயிற்றில் அடிக்கிற வரைக்கும்.

என் வீட்டுக்காரர் வாயில்லாப் பூச்சி. நான் தொட்டியடியில் ஒரு ஆட்டம் ஆடிவிட்டு வந்தால், விஷயம் அவர் காதுக்கு எட்டி, தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். நாங்கள் வட ஆற்காட்டுக்காரர்கள். ஊரில் அவர் பண்ணையாள். அவருடைய அப்பாவும் பண்ணையாள். ஆண்டை எதிரே வந்தால் தோள் துண்டை எடுத்து இடுப்பில் சுற்றிக்கொண்டு, உடம்பைக் கூனிக்கொண்டு, உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் பேச வேண்டும். எங்கள் மூச்சுக் காற்று அவர் மேலே பட்டுவிடக் கூடாதாம். தங்கச் சுரங்கத்துக்கு ஆள் வேண்டும் என்று மேஸ்திரி ஒருவர் வந்தபோது, சொல்லாமல் கொள்ளாமல் அவர் பின்னால் கிளம்பி வந்துவிட்டோம். திரும்பிப் போனால் ஆண்டை எங்களை என்ன செய்வார் என்பது எங்களுக்குத் தெரியும். ஓடிப் போனவர்கள் பிடிபட்டு வந்து பட்ட பாட்டை நாங்கள் கண்ணால் பார்த்திருக்கிறோம்.

இங்கே வந்து அவர் வாயைப் பிளந்து பார்த்தது தங்கத்தை அல்ல. தங்கத்தை யார் எங்கள் கண்ணில் காட்டினார்கள்? அவர் அதிசயப்பட்டது சலாமைப் பார்த்துத்தான். துரை வந்தால் நிமிர்ந்தே நிற்கலாம். வலது கையைத் தூக்கி நெற்றியில் வைத்தால் போதும். கூன வேண்டாம், வாயைப் பொத்த வேண்டாம். புதிதில் வீட்டுக்கு வந்து எனக்குச் செய்து காட்டுவார்.

"நிமுந்து நின்னுக்கினு இப்டி. அவ்ளோதான். வேற ஒண்ணும் இல்ல."

துரைகள் பதிலுக்குத் தலையைக்கூட அசைக்க மாட்டார்கள். அதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. சலாம் போடுவதே ஒரு பதவி மாதிரி அவருக்கு. எனக்குச் சிரிப்பாக வரும். உனக்குப் பைத்தியந்தான் என்று கேலி செய்வேன். அவரும் சிரிப்பார்.

அவருக்கு வேலை பூமிக்கு அடியில், பாறையில் துளை போட்டு மருந்து அடைத்து வெடிக்க வைக்கிற இடத்தில். ஒரு ஷிப்ட்டுக்காரர்கள் போகும்போது, வெடிக்காமல் தங்கிப்போன துளை எது என்று அடுத்த ஷிப்ட்டுக்காரர்களுக்குச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். அவர்கள் சொல்லவில்லையோ, சொன்னது இவர்களுக்குக் கேட்கவில்லையோ, அந்தத் துளைக்குப் பக்கத்திலேயே போய் உளியை வைத்தார்கள். உளி பிடித்தவர் அங்கேயே முடிந்துபோனார். என் வீட்டுக்காரரை, ஆட்களை ஏற்றி இறக்குகிற கேஜில் போட்டு மேலே கொண்டுவந்தார்கள். சங்கு ஊதினதும் லைன் பெண்கள் எல்லாரும் சுரங்கத்து வாயான ஷாப்ட்டுக்கு ஓடினோம். யாருடைய ஆள் என்று தெரிகிற வரைக்கும் ஒவ்வொருத்திக்கும் உயிர் உடம்பில் இல்லை. என்னுடையவர் மூச்சோடு வந்தார். கூட இருந்தவருடைய பெண்சாதியைப் பார்க்காமல் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் அவருடைய வலது கையில் கட்டை விரலையும் நடு விரலையும் மோதிர விரலையும் எடுத்துவிட்டார்கள். மிச்சம் இருந்தவை ஆள்காட்டி விரலும் சுண்டு விரலும். அவையும் மடங்காது. விறைத்து நீட்டிக்கொண்டே நின்றன. பக்கவாட்டில் கொஞ்சம் அசையும், அவ்வளவுதான். ஆனாலும் களியைச் சின்ன உருண்டையாக நான் பிடித்து வைத்தால், அந்த இரண்டுக்கும் நடுவே இடுக்கித் தானே எடுத்துச் சாப்பிடக் கற்றுக்கொண்டார். நான் ஊட்ட வந்தால் வேண்டாம் என்று தலையை ஆட்டுவார். உருண்டை நழுவிக் கீழே விழுந்தால் மறுபடியும் எடுப்பார். கோபப்படவே மாட்டார். பார்த்துக்கொண்டிருக்கிற எனக்குத்தான் ஆத்திரமாய் வரும்.

மேஸ்திரி நல்லவர் என்றுதான் சொல்ல வேண்டும். கேப்டன் துரையிடம் கெஞ்சிக் கேட்டு அவருக்கு மேலேயே ஒரு வேலை வாங்கிக் கொடுத்தார். கேப்டன் என்றால் பட்டாளத்துக்காரர் இல்லை. எங்கள் சுரங்கத்தை நடத்துகிற இங்கிலீஷ் துரையை அப்படித்தான் சொல்வார்கள். ஷாப்ட்டைச் சுற்றிப் போட்ட வேலியில் ஒரு கேட்டு உண்டு. குறுக்கே கிடக்கும் கனமான ஒரு மரம்தான் கேட்டு. யாராவது வந்தால் கயிற்றை இழுத்து மரத்தைத் தூக்க வேண்டும், அவர்கள் போகிற வரைக்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும், அப்புறம் விட வேண்டும். இடது கை நன்றாக இருந்ததால் அவரால் முடிந்தது. அந்த வேலை இருந்தால்தான் லைன் வீடு. லைன் வீடு என்றால் மாளிகை இல்லை, மூங்கில் தட்டிச் சுவரும் தகரக் கூரையும். அந்தத் தட்டிக்குள் நாங்களும் எங்கள் கைக்குழந்தை ஒரு பெண்ணும் இருந்தோம். வேலை போனால் வீடு போகும். வீடு போனால் ஆண்டை வாசல்தான். எங்களுக்கு வேறு போக்கிடம் கிடையாது.

துரைகள் கேட்டைத் தாண்டினால் சலாம் போட வேண்டும் என்பது கட்டளை. இடது கையில் கயிறு, வலது கையால் சலாம். அவர் சந்தோஷமாகவே போட்டார். முன்னே பாறைக்கு அடியில் இருந்தபோது எப்போதாவது ஒரு துரை கண்ணில் படுவார். இப்போது எல்லாத் துரைகளும் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். இங்கிலீஷ் துரைகள் பார்த்தார்களோ இல்லையோ, போனார்கள், வந்தார்கள்.

அந்தக் காலத்தில் இங்கே இத்தாலிக்காரர்களும் இருந்தார்கள். பாறை துளைக்கிற மெஷினை ஓட்ட வந்தவர்கள். வெள்ளைத் தோல் என்பதால் எங்களுக்கு அவர்களும் துரைதான். இங்கிலீஷ் துரைகளோ அவர்களைத் தங்களோடு உட்கார வைத்துச் சாப்பிட மாட்டார்களாம். அவர்கள் கும்பலாகச் சேர்ந்து, கையை வீசி வீசிப் பேசிக்கொண்டு, சிரித்துக்கொண்டு வருவார்கள். அவர்களில் ஒரு ஆள் மற்றவர்களைவிட வயதில் பெரியவர், தாடிக்காரர், அதிகம் பேசாதவர். என் வீட்டுக்காரர் சலாம் போட்டால் மற்றவர்கள் அந்தத் தாடிக்காரரைப் பார்ப்பார்கள். ஒருவர் தோளை ஒருவர் இடித்துக்கொண்டு சிரிப்பார்கள். இவருக்கு என்ன தெரியும்? துரைமார்கள் தமாஷ் பண்ணிக்கொள்கிறார்கள் என்று நினைத்து இவரும் சிரித்திருக்கிறார்.

ஒரு நாள் தாடிக்காரர் திரும்பி வந்து அவர் கன்னத்தில் ஓங்கி அறைந்துவிட்டார். கயிறு கைவிட்டுப் போய் மரம் தடாலென்று விழுந்ததாம். அவர் வீட்டுக்கு வந்தார். கன்னம் வீங்கியிருப்பதைப் பார்த்துக் கேட்டதற்கு, மரம் பட்டுவிட்டது என்றார். மரம் பட்டால் விரல் விரலாகவா பதியும்?

எனக்கு விஷயத்தைச் சொன்னது எங்கள் லைனில் கடைசி வீட்டு அக்கா. அவர்கள் கத்தோலிக்கர்கள். அக்கா இத்தாலிக்காரர்கள் வீட்டில் சமையல் செய்தாள். கோயிலிலும் அவர்களைப் பார்ப்பாள். அரைகுறையாக அவர்கள் பேச்சு அவளுக்குப் புரியும். அவர்கள் சீமையில் இப்படி இரண்டு விரலை நீட்டி ஒருவனுக்குக் காட்டினால், அவன் பெண்சாதி வேறொருவனோடு போய்விட்டாள், அவன் தலையில் ஆட்டுக்கிடாய் மாதிரி கொம்பு முளைத்துவிட்டது என்று அர்த்தமாம். அங்கே அதற்காகக் கத்தி எடுத்துக் குத்திக்கொள்வார்களாம். தாடிக்காரருடைய பெண்சாதி அங்கே சீமையில்தான் இருக்கிறாள். அவளைப் பார்த்துப் பல வருஷம் ஆகிறது. கூட்டாளிகளுக்கு வேறு பேச்சே இல்லை. அப்படிப்பட்டவருக்கு நேரே தினம் காலையில் ஒருவர் நெற்றியில் கொம்பை வைத்துக் காட்டினால் என்ன ஆகும்?

முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கொம்பா என்று கேட்டு நானும் அக்காவும் சிரித்தோம். பெண்சாதி ஓடினால் புருஷன் தலையில் ஏன் கொம்பு முளைக்க வேண்டும்? தப்பு செய்தவனை விட்டுவிட்டு, வீட்டில் ஏமாந்து உட்கார்ந்திருப்பவனைக் கேலி செய்கிற வழக்கம் எந்த ஊர் நியாயம்? ஆனால் யோசித்துப் பார்த்தால் நம் ஊரிலும் அதேதான். நானே தொட்டியடியில் கட்டை விரலை ஆட்டினது யாரைப் பார்த்து? வாரி வைத்திருக்கிறவளைப் பார்த்தா? இல்லாதவளைப் பார்த்துத்தானே.

சிரித்து முடித்ததும் பயம் வந்தது. கையை மறைத்துவிட்டால் தீர்ந்தது என்று நினைத்து, பழைய வேட்டியைக் கிழித்து அவர் கைக்குச் சுற்றிவிட்டேன். அன்றைக்கே வாட்ச்மேன்கள் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். சுரங்கத்தை விட்டு வெளியே போகிறவர்களைத் தலை மயிர் முதல் கோவணம் வரைக்கும் சோதனை போடுகிற இடம் அது. கையில் துணியைச் சுற்றிக்கொண்டு ஒருவன் கேட்டிலேயே நின்றால் விடுவார்களா? உள்ளே தங்கக் கல் இருக்கிறது என்று அவிழ்த்து உதறினார்கள். மறுநாளும் உதறினார்கள். இனிமேல் துணி சுற்றி வந்தால் திருட்டுக் கேஸ் என்று சொல்லிவிட்டார்கள்.

அப்புறம் இடது கையால் சலாம் போட்டுப் பார்த்தார். கயிற்றை வலது முழங்கையில் சுற்றிக்கொண்டு எப்படியோ சமாளித்தார். கேப்டன் துரை அதைப் பார்த்துவிட்டார். அவர் இந்த நாட்டில் நெடுங்காலம் இருந்தவர். நம் மரியாதை நமக்குத் தெரிந்ததைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். இடது கையால் சலாம் போடுவது எவ்வளவு பெரிய அவமானம் என்று மேஸ்திரியைக் கூப்பிட்டு எங்களுக்குப் பாடம் சொல்லி அனுப்பினார். சரி, கையே வேண்டாம், தலையை மட்டும் குனிவோம் என்று என் வீட்டுக்காரர் குனிந்தார். சலாம் போடாமல் நிற்கிறான், திமிர் பிடித்தவன் என்று இன்னொரு துரை கத்தினார். வலது கையைத் தூக்கினால் கொம்பு, இடது கையைத் தூக்கினால் அவமானம், இரண்டையும் தூக்காவிட்டால் திமிர். இதற்கு ஒரு மனிதன் என்ன செய்வான்?

இதற்குள் கதை லைன் பூராவும் பரவிவிட்டது. தொட்டியடியில் பெண்கள் என்னைப் பார்த்ததும் இரண்டு விரலை நீட்டி முக்காட்டுக்கு மேலே வைத்துக்கொண்டார்கள். அவர்கள் கேலி செய்தது இத்தாலிக்காரரைப் பற்றியா, என் வீட்டுக்காரரைப் பற்றியா, என்னைப் பற்றியா என்று அவர்களுக்கே தெரியாது. புதுசாக ஒரு கை கிடைத்துவிட்டது, ஆட்டிப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். சின்னப் பிள்ளைகளும் பிடித்துக்கொண்டன. என் வீட்டுக்காரருக்குக் கொம்புக்காரர் என்று பட்டப் பெயர் வந்தது. எனக்குத் தெரிந்த எல்லாக் கையும் என்னிடம் இருந்தது. ஆனால் அந்த இரண்டு விரலுக்குப் பதில் சொல்ல ஒரு கைகூட என்னிடம் இல்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

கடைசியில் சமையல்கார அக்காவின் காலைப் பிடித்தேன். தாடிக்காரரிடம் நீ எடுத்துச் சொல்லு, இது வேண்டுமென்று காட்டுகிற கை இல்லை, அவரும் துளைக்கிற சுரங்கத்துப் பாறைதான் இதைச் செய்தது என்று சொல்லு என்று அழுதேன். அவளும் நல்ல மனசுக்காரி, அவர் சாப்பிட்டு முடித்த சமயம் பார்த்துச் சொன்னாள். திரும்பி வந்து எங்கள் வீட்டுத் தட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தெரியுமாம்டி," என்றாள். "வெடியில போன கைன்னு அவருக்கு மொதல் நாள்லருந்தே தெரியுமாம். அந்த ஆள் மேல எனக்கு ஒண்ணும் இல்ல, ஆனா பாக்கறவன் சிரிக்கிறானேங்கறாரு. சொல்லும்போது அவருக்குக் கண்ணு கலங்கிப்போச்சி."

தெரியாமல் கோபப்பட்டிருந்தால் தெரிய வைக்கலாம். தெரிந்தே இருக்கிறவருக்கு என்ன சொல்வது? அவருக்கும் இவருக்கும் நடுவே ஒரு பகையும் இல்லை. கையில் ஒரு தப்பும் இல்லை. சிரிக்கிறவர்கள் சிரிப்பை நிறுத்தினால் எல்லாம் தீரும். ஆனால் சிரிப்பை நிறுத்தச் சொல்லி எந்தக் கேப்டன் உத்தரவு போடுவார்? எத்தனையோ நாள் தொட்டியடியில் நின்றவள் நான். திட்டு என்பது காட்டுகிறவள் விரலில் இல்லை, சுற்றி நிற்கிறவர்கள் சிரிப்பில்தான் இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா?

தாடிக்காரர் கேப்டனிடம் போய், அந்த ஆளைக் கேட்டிலிருந்து எடுக்காவிட்டால் நான் பூமிக்குள் இறங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். மெஷின் ஓட்டுகிற ஆள் இறங்காவிட்டால் கேப்டனுக்கு நஷ்டம். கேட்டுக்காரன் போனால் ஒருவருக்கும் நஷ்டம் இல்லை. மேஸ்திரி எங்கள் வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்று பேசினார். வேறு வேலை ஏதாவது தரச் சொல்லிக் கேட்டுப் பார்த்தாராம். ஒரு கையால் செய்கிற வேலை மேலே இது ஒன்றுதான் இருக்கிறது என்றார்களாம்.

"அந்த வெரல் ரெண்டும் துரைங்க கண்ணுல படக்கூடாது. பட்டா சம்பளத் தேதியோட வீட்டக் காலி பண்ணணும். நான் இன்னா பண்றது சொல்லும்மா," என்றார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. என்னால் வாங்க உட்காருங்க என்றுகூடச் சொல்ல முடியவில்லை.

என் வீட்டுக்காரர் மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். எனக்குச் சொல்லவில்லை. அந்த இரண்டையும் எடுத்துவிடுங்கள் என்று கேட்டிருக்கிறார். நல்ல விரலை நான் வெட்ட மாட்டேன் என்று டாக்டர் விரட்டிவிட்டார். டாக்டருக்கு அது நல்ல விரல். ஆஸ்பத்திரி கூட்டுகிற பெண் வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"இன்னாய்யா, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? அந்த ரெண்டுந்தான உனக்குச் சோறு போடுது."

அவர் குழந்தையைப் பார்த்துக்கொண்டு, "இதுக்கு யாரு சோறு போடறது?" என்றார்.

நான் நிறையப் பேசினேன். ஊருக்குப் போக வேண்டாம், கோலாருக்குப் போவோம், கல் உடைப்போம், பிச்சை எடுப்போம் என்றேன். கேட்டுக்கொண்டே இருந்தார். களி போட்டுக் கொடுத்தேன். அன்றைக்கு அவர் அவசரப்படாமல் சாப்பிட்டார். ஒரு உருண்டைகூட நழுவவில்லை. தட்டில் ஒட்டியிருந்ததையும் சுண்டு விரலால் வழித்து நக்கினார். கோபம் ஆறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

காலை ஷிப்ட்டில் ஆட்கள் எல்லாரும் உள்ளே போன பிறகு, கேட்டு மரம் விழுந்து உட்காருகிற கட்டைமேல் வலது கையை வைத்துக்கொண்டு இடது கையால் கயிற்றை விட்டிருக்கிறார். விபத்து என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். நானும் விபத்து என்றே சொன்னேன். ஆஸ்பத்திரியில் அவர் கை முழுக்க வெள்ளைக் கட்டு. முகம் சாம்பலாய்ப் போயிருந்தது. ஆனால் அவர் கண்ணில் வருத்தம் இல்லை. இனிமேல் துரைகள் கண்ணுக்கு ஒரு விரலும் தெரியாது, வெறும் கைதான் என்று என்னிடம் சொன்னார். நான் தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். அவர் கை குணமாகிற வரைக்கும் நான் போய்க் கேட்டில் நிற்கிறேன் என்று மேஸ்திரியிடம் கேட்டேன். பொம்பளை நிற்கிற இடம் இல்லை என்றார்.

கட்டுப் பிரிப்பதற்கு முன்னாலேயே உத்தரவு வந்துவிட்டது. கவனமில்லாத ஆள், முன்னே வெடியிலும் கையைக் கொடுத்தான், இப்போது மரத்திலும் கொடுத்தான், இப்படிப்பட்டவனை மறுபடியும் வேலைக்கு வைக்க முடியாது என்று கேப்டன் சொல்லிவிட்டார். கேட்டுக்கு வேறு ஆள் போட்டாகிவிட்டது. விஷயத்தைச் சொன்ன மேஸ்திரி எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. வேண்டுமென்றே செய்தது என்று எடுத்துச் சொல்லலாமா என்று அவரைக் கேட்டேன். சொன்னால் ஜெயிலுக்கு அனுப்பினாலும் அனுப்புவார்கள் என்றார்.

வீட்டைக் காலி செய்த அன்று காலையில், சட்டி பானையைக் கோணியில் கட்டி என் தலையில் வைத்துக்கொண்டேன். குழந்தை என் இடுப்பில். அவர் இடது தோளில் ஒரு மூட்டை. ரயிலடிக்குப் போகிற வழி அந்தக் கேட்டைத் தாண்டித்தான் போகும். நான் விறுவிறு என்று நடந்தேன். அந்த இடத்தை ஏறிட்டும் பார்க்கக்கூடாது என்று இருந்தேன். ஷிப்ட் முடிந்து இத்தாலிக்காரர்கள் கும்பலாக வெளியே வந்துகொண்டிருந்தார்கள். தாடிக்காரரும் இருந்தார்.

என் வீட்டுக்காரர் நின்றார். மூட்டையைக் கீழே வைத்தார். நிமிர்ந்து, கட்டுப் போட்ட கையைத் தூக்கி நெற்றியில் வைத்தார்.

அவர் அந்த வேலையில் இல்லை. அந்த வீட்டில் இல்லை. இனி அந்தத் துரைக்கு அவர் ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை. எனக்கு வந்த கோபத்தில் தலைச் சுமையைப் போட்டு உடைத்திருப்பேன். தாடிக்காரர் அந்தக் கையைப் பார்த்தார். நீட்டிக்கொண்டு ஒன்றும் இல்லை. கூட்டாளிகளும் பார்த்தார்கள், ஒருவரும் சிரிக்கவில்லை. தாடிக்காரர் தன் தொப்பியின் விளிம்பை இரண்டு விரலால் தொட்டு, லேசாகத் தலையைச் சாய்த்துவிட்டு, எங்களைத் தாண்டிப் போனார்.

இத்தனை வருஷத்தில் ஒரு துரை அவருக்குத் திருப்பிச் சலாம் வைத்தது அதுதான் முதல் தடவை. அவர் முகம் அப்படியே மலர்ந்துபோய்விட்டது. மூட்டையைத் தூக்கிக்கொண்டு என் பின்னாலேயே ஓடி வந்தார். பார்த்தாயா என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். ரயிலடியில் கோணியை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தோம். ரயில் வருகிற வரைக்கும் அவர் அந்தக் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"இத முன்னாடியே பண்ணியிருக்கணும்," என்றார். "பண்ணியிருந்தா வேல போயிருக்காது."